125 சிசி ஸ்கூட்டரில் சிக்கோக்கு: புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளில் சிறியது சிக்கோக்கு. அங்கே புல்லட் ரயில் கிடையாது. மலைக்கிராமங்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பஸ்தான் போகும். அந்த ஊர்களை நின்று பார்க்க வேண்டுமென்றால் சொந்த வண்டி வேண்டும். கார் எடுத்தால் பாதி இடங்களில் எதிரே வரும் வண்டிக்கு வழிவிடவே நேரம் போய்விடும். ஸ்கூட்டர்தான் சரியான அளவு.

வண்டி ஓட்டுவது இதில் சுலபமான பகுதி. நம்மைப் போலவே அவர்களும் சாலையின் இடப்பக்கம்தான் போகிறார்கள். சிரமம் எல்லாம் அதற்கு முந்தைய காகித வேலையில். எந்த உரிமம் செல்லும், எந்த சிசி வண்டி எந்தச் சாலையில் போகலாம், காப்பீடு எதை விட்டுவிடும் என்பதையெல்லாம் பத்து இடங்களில் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. அடுத்துப் போகிறவர்கள் அப்படி அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் சிசியை முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தே அமையும் என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

50 சிசி வண்டி, வெள்ளை நம்பர் பிளேட்: வாடகை மலிவு. ஆனால் சட்டப்படி மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. பெரிய சந்திப்புகளில் நேரே வலப்பக்கம் திரும்பவும் முடியாது. சிக்னலை நேராகக் கடந்து, எதிர்முனையில் நின்று, வண்டியைத் திருப்பி, அடுத்த பச்சைக்குக் காத்திருந்து போக வேண்டும். நெடும்பயணத்துக்கு இது வேண்டாம். இன்னொரு விஷயம்: 2025 ஏப்ரல் முதல், திறனைக் குறைத்த 125 சிசி வண்டிகளும் இதே வெள்ளை பிளேட்டில் வருகின்றன. அவற்றுக்கும் இந்த 30 கிலோமீட்டர் விதிதான். ஆகவே பதிவு செய்யும்போது சிசியோடு நிறுத்தாமல் பிளேட்டின் நிறத்தையும் கேளுங்கள்.

91 முதல் 125 சிசி வரை, இளஞ்சிவப்பு பிளேட்: சாதாரணச் சாலைகளில் 60 வரை போகலாம். வழக்கம்போல வலப்பக்கம் திரும்பலாம். மோட்டார் சைக்கிள் உரிமம் வாங்கி ஓராண்டு ஆகியிருந்தால் பின்னால் ஒருவரை ஏற்றலாம். விரைவுச் சாலைகளில் மட்டும் அனுமதி இல்லை.

126 சிசியிலிருந்து விரைவுச் சாலையிலும் போகலாம். பிசிஎக்ஸ் 160, என்மேக்ஸ் 155 எல்லாம் இந்த வகை. தூரம் அதிகம், நாள் குறைவு என்றால் இவை உதவும்.

சிக்கோக்குவுக்கு என் தேர்வு 125தான். தீவையும் ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷூவையும் இணைக்கும் ஷிமனாமி கைடோ பாலங்களில் சைக்கிளுக்கும் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கும் தனிப் பாதை இருக்கிறது. 126 சிசியும் அதற்கு மேலும் உள்ள வண்டிகள் அந்தப் பாதையில் நுழையவே முடியாது. கார்களோடு விரைவுச் சாலையில் சுங்கம் கட்டிப் போக வேண்டியதுதான்.

ஹோண்டா பிசிஎக்ஸ் 125 நீண்ட தூரத்துக்கு வசதி. டேங்க் 8 லிட்டர், இருக்கைக்கு அடியில் நல்ல இடம். சூப்பர் கப் 110 மலையேற்றத்தில் நம்பகமானது, ஆனால் டேங்க் 4 லிட்டர்தான். சுசுகி அட்ரஸ் 125 கிடைத்தால் அதுவும் நல்லது. ஜப்பானில் விற்கும் அந்த வண்டி இந்தியாவில் தயாராகிப் போவது. நம்மூரில் ஆக்சஸ் ஓட்டியவர்களுக்குக் கை பழக அரை மணி நேரம்கூட ஆகாது.

2. ஐடிபி: எந்த ஒப்பந்தம், எந்த முத்திரை

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தை எல்லோரும் ஐடிபி என்கிறோம். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படி தரப்பட்ட ஐடிபியை மட்டுமே ஜப்பான் ஏற்கிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடா, பிரிட்டன் எல்லாம் அந்த ஒப்பந்தத்தில் உள்ளவை. பிரிட்டனில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஐடிபி தருகிறார்கள், அங்கே 1949 என்று கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து உரிமம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு வழி வேறு. அந்த நாடுகளின் ஐடிபி ஜப்பானில் செல்லாது. அதற்குப் பதிலாக, ஜப்பான் ஆட்டோமொபைல் கூட்டமைப்பான ஜாஃப் தரும் ஜப்பானிய மொழிபெயர்ப்பை உரிமத்தோடு வைத்திருக்க வேண்டும். அதற்கு இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு வழிமுறை இதுதான். பரிவாஹன் தளத்தின் சாரதி பிரிவில் படிவம் 4ஏ நிரப்பி, 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி, உங்கள் ஓட்டுநர் உரிமம் எந்த ஆர்டிஓவின் கீழ் வருகிறதோ அங்கே போக வேண்டும். உரிமம், பாஸ்போர்ட், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் வேண்டும். மருத்துவச் சான்றும் விசாவும் காட்ட வேண்டியதில்லை என்று 2021-இல் விதி மாறியது. ஆனாலும் சில அலுவலகங்களில் விசா நகலும் டிக்கெட் நகலும் கேட்கிறார்கள். வாதாடி இன்னொரு நாளை இழப்பதைவிட, இருந்தால் கையோடு கொண்டுபோய்விடுங்கள். இலங்கையில் சிலோன் ஆட்டோமொபைல் சங்கம் ஐடிபி வழங்குகிறது.

இங்கே பொறிகள் நான்கு.

உங்கள் உரிமத்தில் இருசக்கர வாகன வகுப்பு இருக்க வேண்டும். பலரிடம் கார் மட்டும்தான் இருக்கிறது, இல்லாத வகுப்பை ஐடிபியில் ஏற்ற முடியாது. எனவே டிக்கெட் போடும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டாவது, ஐடிபி கைக்கு வந்தவுடன், கவுன்டரை விட்டு நகரும் முன்னரே, வாகன வகைகள் உள்ள பக்கத்தைத் திறங்கள். மோட்டார் சைக்கிள் என்பது 'ஏ' வகை, கார் 'பி' வகை. 'ஏ' வகைக்கு எதிரே முத்திரை இருக்க வேண்டும். 'பி'க்கு மட்டும் முத்திரை குத்தித் தருவது சர்வசாதாரணமாக நடக்கிறது. ஜப்பானில் வாடகைக் கடைக்காரர் உங்கள் புகைப்படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தப் பக்கத்துக்குப் போவார். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கி, 'ஏ'யில் நிறுத்தி, முத்திரையைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பேசுவார். முத்திரை இல்லையென்றால் வண்டி இல்லை, முன்பணமும் திரும்ப வராமல் போகலாம்.

மூன்றாவது, சர்வதேச உரிமம் என்று இணையத்தில் டாலருக்கு விற்கும் அட்டைகள் ஜப்பானில் செல்லாது. அதை நம்பி ஓட்டினால் உரிமமின்றி ஓட்டியதாகவே வழக்கு வரும்.

நான்காவது, ஐடிபியோடு அசல் உரிமமும் பாஸ்போர்ட்டும் எப்போதும் உடன் இருக்க வேண்டும். நகல் போதாது.

ஐடிபி வழங்கிய நாளிலிருந்து ஓராண்டு அல்லது ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து ஓராண்டு, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை ஓட்டலாம். வேலைக்காக ஜப்பானில் குடியிருப்பவர்கள் இந்தியாவுக்குப் போய்ப் புது ஐடிபி எடுத்து வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டுத் திரும்பினால் அந்த ஓராண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்காது. அவர்கள் உரிமத்தை ஜப்பானிய உரிமமாக மாற்றிக்கொள்வதே வழி. 2025 அக்டோபர் முதல் அதற்கான எழுத்துத் தேர்வு 50 கேள்விகளாகக் கூடியிருக்கிறது, 90 சதவீதம் எடுக்க வேண்டும்.

ஐடிபி வேலையைப் பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு தொடங்குங்கள். விசாவும் அதே நேரத்தில் நடக்கலாம்.

3. மாதம்

ஏப்ரல் நடுவிலிருந்து மே இறுதி வரை, அல்லது அக்டோபரிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான கோல்டன் வீக் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது தங்குமிடமும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது. ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறையும் அப்படித்தான். ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம், ஆகஸ்ட், செப்டம்பரில் புயல். டிசம்பர் முதல் மார்ச் வரை மலைச் சாலைகளில் பனியும் உறைபனியும் இருக்கும். தென்னாட்டு வெயிலில் ஓட்டிப் பழகியவர்கள் அதில் இறங்கவே கூடாது.

நவம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைகிறது. பள்ளத்தாக்குகளில் 4 மணிக்கே நிழல் விழுந்துவிடும். நாள் திட்டத்தை இதை வைத்துப் போடுங்கள்.

4. வண்டியைப் பதிவு செய்வது

மட்சுயாமா, தகமட்சு போன்ற நகரங்களில் வாடகைக் கடைகள் உண்டு. ரென்டல் 819, ஹோண்டா கோ, யமஹா பைக் ரென்டல் ஆகியவை நாடு முழுவதும் கிளைகள் உள்ள சங்கிலிகள். 125 சிசி வண்டிக்கு ஒரு நாள் வாடகை 5,000 முதல் 8,000 யென் வரை. வாரக் கணக்கில் எடுத்தால் நாள் விகிதம் நன்றாகக் குறையும். 100 யென்னை ஏறத்தாழ 60 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நகரத்தில் எடுத்து இன்னொரு நகரத்தில் விடுவது பெரும்பாலும் முடியாது, முடிந்தாலும் விலை அதிகம். ஆகவே கிளம்பிய ஊருக்கே திரும்பும் வட்டமாகத் திட்டமிடுங்கள். ஒசாகாவில் எடுத்து சிக்கோக்கு போகலாமே என்று தோன்றும். 125 வண்டியில் அது வீண் அலைச்சல். ஒகயாமா வரை புல்லட் ரயிலிலும் அங்கிருந்து மட்சுயாமாவுக்கு விரைவு ரயிலிலும் போய், அங்கே வண்டி எடுப்பதே மேல்.

வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஜப்பானில் குடியிருப்புப் பதிவு இல்லாமல் வண்டியை உங்கள் பெயரில் பதிவு செய்வது நடைமுறையில் நடக்காது. அங்கே வசிப்பவர்களுக்கு மட்டும் அது எளிது. 125 சிசி வரை நகராட்சி அலுவலகத்திலேயே பிளேட் தருவார்கள், இளஞ்சிவப்பு பிளேட்டுக்கு ஆண்டு வரி 2,400 யென்.

பதிவின்போது கேட்க வேண்டியவை: ஹெல்மெட், பின்பெட்டி, போன் ஸ்டாண்ட், யுஎஸ்பி சார்ஜர். இவற்றில் சில வாடகையில் சேரும், சிலவற்றுக்குத் தனிக் காசு. பின்பெட்டிக்குக் காசு கொடுத்தாவது வாங்குங்கள். தோள்பையோடு மலையேறினால் மூன்றாம் நாள் முதுகு நொந்துவிடும். இந்த வகை வண்டியில் சாமான் 60 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது, அகலம் வண்டியைத் தாண்டி மிகவும் நீளக் கூடாது.

5. காப்பீடு: மூன்று அடுக்கு

முதல் அடுக்கு, ஜிபாய்செகி எனும் கட்டாயக் காப்பீடு. எல்லா வாடகை வண்டிகளிலும் இருக்கும். இது எதிராளியின் உடல் காயத்துக்கு மட்டும், உயிரிழப்புக்கு அதிகபட்சம் 3 கோடி யென். அவர் கார் நசுங்கினால் இதில் ஒரு யென்கூட வராது.

இரண்டாவது அடுக்கு, கடை சேர்த்துத் தரும் விருப்பக் காப்பீடு. எதிராளியின் காயத்துக்கு வரம்பில்லை, பொருள் சேதத்துக்கும் பெரிய தொகை வரை தரும். ஆனால் நீங்கள் ஓட்டும் வண்டியின் சேதம் இதில் பெரும்பாலும் வராது. அதற்கு நாளுக்கு ஆயிரம் யென்னை ஒட்டிய கூடுதல் கட்டணம் உண்டு. அதை மறுக்காதீர்கள். நிறுத்திய வண்டி சாய்ந்து பக்கத் தகடு உடைந்தாலே பில் பெரிதாக வரும். இதையும் தாண்டி, வண்டி பழுதுபார்க்கப்படும் நாட்களின் வாடகை இழப்பு என்று ஒரு தொகையை உங்களிடமே கேட்பார்கள். அது எவ்வளவு என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்டு வையுங்கள்.

மூன்றாவது அடுக்குதான் நம்மவர்கள் கோட்டை விடும் இடம்: உங்கள் உடம்பு. பல பயணக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் இருசக்கர வாகனம் ஓட்டும்போது வரும் காயம் விலக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது குறிப்பிட்ட சிசி வரைதான் என்று இருக்கும். விலக்குகள் பகுதியைப் படித்துவிட்டு, உறுதியை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்குங்கள். முகவர் போனில் சொல்லும் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்பது ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது.

6. பாதை: மட்சுயாமாவிலிருந்து ஒரு வட்டம்

பத்து நாள் இருந்தால் நிதானமாக முடியும் வட்டம் இது. ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். மலையில் சராசரி வேகம் 30தான் வரும்.

முதல் இரண்டு நாள், இமாபாரி வழியாக ஷிமனாமி கைடோவில் ஒனோமிச்சி வரை போய்த் திரும்புங்கள். வண்டி கைக்குப் பழக நல்ல சாலை. ஒவ்வொரு பாலத்துக்கும் தனிச் சுங்கம், 50 முதல் 200 யென், ஒரு வழிக்கு மொத்தம் 500 யென். ஆளில்லாத பெட்டியில் நாணயமாகப் போட வேண்டும், சில்லறை தரமாட்டார்கள். கிளம்பும் முன் 50, 100 யென் நாணயங்களைச் சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்கு ஏறும் சிறிய சாய்வுப் பாதையின் முனையில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் படங்களோடு பலகை இருக்கும். சில பாலங்களில் சைக்கிளோடு பகிர்வுப் பாதை, சிலவற்றில் தனித்தனி. பலகையைப் பார்த்து நுழையுங்கள். இன்னோஷிமா பாலத்தில் நம் பாதை கார்ச் சாலைக்கு அடியில், இரும்புச் சட்டங்களுக்கு நடுவே போகிறது. தலைக்கு மேல் லாரி போகும் அதிர்வு கைப்பிடியில் தெரியும், பக்கத்துக் கம்பிவலை வழியே கீழே கடல் தெரியும். இமாபாரி பக்கத்துக் குருஷிமா பாலம் அதற்கு நேர்மாறு: மூன்று தொங்குபாலங்கள் தொடர்ச்சியாக, ஏறத்தாழ 4 கிலோமீட்டர், முழுக்கத் திறந்த வெளி. பக்கக்காற்று வலுவாக அடிக்கும், வேகத்தைக் குறையுங்கள்.

பிறகு தெற்கே. 33-ஆம் எண் தேசியச் சாலையில் போய் 440-இல் திரும்பி சிக்கோக்கு கார்ஸ்ட் மேட்டுக்கு ஏறுங்கள். சுமார் 1,400 மீட்டர் உயரம், சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே மாடு மேயும் புல்வெளி, மேட்டின் முதுகிலேயே போகும் சாலை. கடற்கரையைவிட 8 டிகிரி வரை குளிர் கூடும். கையுறையும் காற்றுத் தடுப்புச் சட்டையும் பெட்டியின் மேலே இருக்கட்டும். மேகம் இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரியாது. அப்படியானால் அன்றைக்கு இறங்கிவிட்டு மறுநாள் காலை ஏறுங்கள். இந்தப் பயணத்தில் ஒரு நாள் கூடுதலாக வைக்கத் தகுந்த இடம் இதுதான்.

அங்கிருந்து யுசுஹாரா ஊர் வழியாக ஷிமான்டோ ஆற்றுக்கு இறங்கலாம். 381, 441 ஆகிய சாலைகள் ஆற்றை ஒட்டியே போகின்றன. இந்த ஆற்றின் தாழ்பாலங்களுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வெள்ளத்தில் மூழ்கும்போது மரங்கள் சிக்கிப் பாலத்தை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஸ்கூட்டரில் கடக்கலாம். எதிரே கார் வருகிறதா என்று கரையில் நின்று பார்த்துவிட்டு, பாலத்தின் நடுவில், பார்வையை அக்கரையில் வைத்துப் போங்கள். ஓரத்தைப் பார்த்தால் வண்டியும் ஓரத்துக்கே போகும். நகமுரா அருகே உள்ள சாடா பாலம் இவற்றில் நீளமானது, 291 மீட்டர். மழை நாளில் வேண்டாம்.

நகமுராவிலிருந்து அஷிசுரி முனைக்கு ஒரு நாள். பிறகு 56-ஆம் சாலையில் கோச்சி நகரம், 32-இல் ஓபோகே, இயா பள்ளத்தாக்கு. இயாவிலிருந்து வடக்கே கடற்கரைக்கு இறங்கி 11-ஆம் சாலையில் மட்சுயாமா.

439-ஆம் எண் சாலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டோகுஷிமாவிலிருந்து ஷிமான்டோ நகரம் வரை ஏறத்தாழ 350 கிலோமீட்டர், வரைபடத்தில் தேசியச் சாலை என்றே இருக்கும். நேரில் பார்த்தால் பல இடங்களில் ஒரு கார் மட்டும் போகும் அகலம், பாசி படிந்த தார், காட்டிலிருந்து விழுந்த கற்கள். அழகான சாலைதான். ஆனால் புதியவர்கள் அதில் ஒரு துண்டை மட்டும், காய்ந்த நாளில், மதியத்துக்கு முன் எடுங்கள்.

போன் வரைபடம் காட்டும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 'விரைவுச் சாலை தவிர்' என்று போட்டாலும் 125 சிசிக்குத் தடையுள்ள புறவழிச் சாலைகளில் அது உங்களை ஏற்றிவிடும். சாலை முகப்பில் நீலப் பலகையில் வெள்ளைக் கார் படம் இருந்தால் அது உங்களுக்கு அல்ல. பச்சை நிற வழிகாட்டிப் பலகைகள் விரைவுச் சாலைக்கு இட்டுச் செல்பவை, நீல நிற வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்றுங்கள். நவிடைம் நிறுவனத்தின் டூரிங் சப்போர்ட்டர் செயலியில் வண்டியின் சிசியைக் கொடுத்துவிட்டால் அதற்கேற்ற வழியைத் தரும். ஜப்பானிய மொழியில்தான் இருக்கிறது என்றாலும் பழகிக்கொள்ளலாம். மலையில் சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

7. சாலையில் நம் பழக்கங்களில் விட வேண்டியவை

ரயில்வே கேட் திறந்திருந்தாலும் கோட்டுக்கு முன் முழுதாக நின்றுதான் கடக்க வேண்டும். தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் 'நில்' பலகை. வேகம் குறைத்தால் போதாது, சக்கரம் நிற்க வேண்டும், காலைத் தரையில் ஊன்றிக் காட்டுங்கள். இந்த இரண்டு இடங்களிலும் போலீஸ் மறைவாக நிற்பது வழக்கம். சிவப்பு விளக்கில் இடப்பக்கம் திரும்பக் கூடாது. சிக்னல் இல்லாத குறுக்குக் கோட்டில் ஒருவர் கடக்கக் காத்திருந்தால் நீங்கள் நிற்க வேண்டும். மஞ்சள் நடுக்கோட்டைத் தாண்டி முந்தக் கூடாது. ஹார்னை மறந்துவிடுங்கள். மது, ஒரு வாய்கூட வேண்டாம். ஓட்டியவருக்கு மட்டுமல்ல, ஊற்றிக் கொடுத்தவருக்கும் பின்னால் உட்கார்ந்தவருக்கும் தண்டனை உண்டு.

மலைச் சாலையில் வளைவுக்கு வளைவு குவியாடி நிற்கும். அதில் வண்டி தெரியாவிட்டாலும் ஓரமாகவே திரும்புங்கள். ஓரத்தில் மூடியில்லாத நீர்க்கால்வாய் இருக்கும், சக்கரம் இறங்கினால் தனியாகத் தூக்க முடியாது. சாலைக்குக் குறுக்கே வரும் இரும்புக் கம்பி மூடிகள் மழையில் வழுக்கும். அவற்றின் மேல் பிரேக் பிடிக்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். அந்தி வேளையில் மானும் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும்.

மழை அளவு ஒரு வரம்பைத் தாண்டினால் மண்சரிவு வரும் முன்னரே சில மலைச் சாலைகளை மூடிவிடுவார்கள். அதற்கான அறிவிப்பு 'ட்சூகோ டோமே'. அந்த எழுத்துகளின் படத்தைப் போனில் சேமித்து வைத்து, மின்பலகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். மழைக்கோட்டு ஊரிலிருந்து சுமக்க வேண்டாம், வொர்க்மேன் கடைகளில் நல்லது மலிவாகக் கிடைக்கும்.

8. பெட்ரோல்

பெட்ரோலுக்குச் சிவப்புக் குழாய். மஞ்சள் உயர்ரகம், தேவையில்லை. பச்சை டீசல், தொடாதீர்கள். ஆள் இருக்கும் பங்க்கில் 'ரெக்யுரா, மந்தான்' என்றால் சாதாரண பெட்ரோலை முழுக்க நிரப்புவார்கள். நாமே நிரப்பும் பங்க்கில் முதலில் நிலைமின் நீக்கும் தட்டில் கையை வைக்க வேண்டும். லிட்டர் 150 முதல் 180 யென்.

கிராமத்துப் பங்க்குகள் மாலை 6 மணிக்கே மூடும், ஞாயிறு விடுமுறை. நிறையப் பங்க்குகள் ஒரேயடியாக மூடியும்விட்டன, வரைபடத்தில் மட்டும் இன்னும் இருக்கும். அரை டேங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள், சனிக்கிழமை மாலை கட்டாயம். ரொக்கம் மட்டும் வாங்கும் இடங்கள் உண்டு. செவன் இலெவன் கடைகளின் ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும். மலைக்குள் அந்தக் கடை இருக்காது, அடிவாரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

9. தங்கலும் சாப்பாடும்

நகரங்களில் பிசினஸ் ஹோட்டல், 6,000 யென்னை ஒட்டிக் கிடைக்கும். கிராமங்களில் மின்ஷுகு எனும் குடும்ப விடுதிகள், இரவும் காலையும் சாப்பாட்டோடு 8,000 முதல் 11,000 யென். இரவுச் சாப்பாடு 6 மணிக்கு, 5 மணிக்குள் வந்து சேர வேண்டும். தாமதமானால் போன் செய்து சொல்லுங்கள், உங்களுக்காகவே அவர்கள் அடுப்பேற்றுகிறார்கள். சாப்பாடு வேண்டாமென்றால் 'சுதோமாரி' என்று பதிவு செய்யலாம். ஆனால் அந்த ஊரில் வேறு கடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சைவர்களுக்குச் சிரமம்தான், ஒளிப்பதற்கில்லை. காய்கறிக் குழம்பானாலும் உடோன் எனும் தடித்த நூடுல்ஸின் சாறானாலும் அடியில் மீன் சாறு இருக்கும். பலசரக்குக் கடையில் கிடைக்கும், உமெ (ஊறுகாய்ப் பழம்) அல்லது கொம்பு (கடற்பாசி) வைத்த ஒனிகிரி எனும் சோற்று உருண்டை, வெறும் சோறு, டோஃபு, பழம் இவற்றோடு ஊரிலிருந்து பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோங்கள். பருப்புப்பொடியும் சுடுசோறும் பல இரவுகளைக் காப்பாற்றும்.

மிச்சி நோ எகி எனும் சாலையோர நிலையங்களில் கழிவறை இரவு பகலும் திறந்திருக்கும், கடைகள் மாலை 5 மணி வாக்கில் மூடும். அங்கே கூடாரம் போடக் கூடாது.

10. மொத்தச் செலவு

விமானமும் விசாவும் நீங்கலாக, ஒருவருக்குப் பத்து நாள் கணக்கு: வண்டி 50,000, கூடுதல் காப்பீடு 12,000, பெட்ரோல் 6,000, தங்கல் 70,000, சாப்பாடு 30,000, பாலம், படகு, நுழைவுக் கட்டணம் போன்றவை 10,000. ஆக 1,78,000 யென், ரூபாயில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். தங்கல்தான் பெரிய பங்கு, கூடாரத்தோடு போனால் அதில் பாதியை மிச்சம் பிடிக்கலாம்.

11. விபத்து, அபராதம்

போலீஸ் 110, ஆம்புலன்ஸ் 119. எவ்வளவு சிறிய உரசலானாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவர்கள் பதிவு செய்தால்தான் விபத்துச் சான்று கிடைக்கும், சான்று இருந்தால்தான் காப்பீடு பணம் தரும். எதிராளி 'பரவாயில்லை' என்று கையசைத்துப் போனாலும் நீங்கள் 110-ஐ அழையுங்கள். அடுத்து வாடகைக் கடைக்குச் சொல்லுங்கள்.

சிறு விதிமீறலுக்கு நீலச் சீட்டு தருவார்கள். அஞ்சல் அலுவலகத்திலோ வங்கியிலோ 7 நாட்களுக்குள் கட்ட வேண்டும். வேக வரம்பை 30 கிலோமீட்டருக்கு மேல் தாண்டினால் அது குற்ற வழக்கு.

12. வண்டியைத் திருப்பித் தருவது

எடுக்கும்போதே கடைக்காரர் முன்னிலையில் வண்டியைச் சுற்றிப் படம் எடுங்கள்: பக்கத் தகடுகள், கண்ணாடி முனைகள், பிரேக் லீவர் நுனி, சக்கர விளிம்பு. கீறல்களை அவர் படிவத்தில் குறிப்பார், விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள். திருப்பும் நாளில் கடைக்கு அருகில் உள்ள பங்க்கில் முழு டேங்க் நிரப்பி, ரசீதைக் காட்ட வேண்டும். ரசீது இல்லையென்றால் ஓடிய கிலோமீட்டருக்குக் கூடுதல் விலையில் கணக்குப் போடுவார்கள்.

பெரும்பாலான கடைகள் மாலை 6 அல்லது 7 மணிக்கு மூடும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. உங்கள் திருப்பும் நாள் அந்த விடுமுறையில் விழுகிறதா என்று பதிவு செய்யும்போதே பாருங்கள். விமானத்துக்கும் வண்டி திருப்புவதற்கும் நடுவில் ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள். கடைசி நாளில் மழை பெய்து மலைச் சாலை மூடிவிட்டால் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு வர அந்த ஒரு நாள் தேவைப்படும்.